நம்பர்தான் கேட்டார்கள், டைரியின் பக்கமே போய்விட்டது

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 14 வருஷமாக வேலை பார்க்கிறேன். எங்கள் கிளையன்ட் ஒருவர் மஞ்சள் வியாபாரி. வெளியூர் மசாலா கம்பெனியில் கொள்முதல் பார்க்கும் ஒருவர் மெயிலில் அவருடைய நம்பர் கேட்டார். என் ஆண்ட்ராய்டு போனில் வியாபாரியின் பெயரைத் திறந்து, 'ஷேர்' அழுத்தி, ஜிமெயிலில் அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து வியாபாரி அலுவலகத்துக்கு வந்தார். "குவிண்டாலுக்கு முந்நூறு ரூபாய் குறைச்சுக் கேக்கறாருங்க. கட்டாதுன்னு சொன்னா, தை மாசம் செலவு இருக்குமே, யோசிங்கங்கறாரு. என் வீட்டுக் கல்யாணம் அவருக்கு எப்படிங்க தெரியும்?" என்று ஆடிட்டர் சாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவருடைய நம்பருக்குக் கீழே குறிப்பாக நான்தான் எழுதி வைத்திருந்தேன்: தை மாதம் மகள் கல்யாணம், வங்கியில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) லிமிட் முடிந்துவிட்டது, மேனேஜரிடம் பேச வேண்டும் என்று. பான் நம்பர், பிறந்த தேதி, வீட்டு முகவரிகூட அதில் உண்டு. எல்லாமே போயிருக்குமா? திரும்ப வாங்க வழி இருக்கிறதா? இது குற்றமா? இதற்கிடையில் ஆடிட்டர் சார், இனி எல்லா ஊழியரும் மெயிலின் அடியில் எலக்ட்ரானிக் விசிட்டிங் கார்டு இணைக்க வேண்டும் என்கிறார். அது சரிதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: முதலில், போயிருக்கிறதா என்று ஊகித்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நீங்கள் அனுப்பிய மெயில் 'சென்ட்' பகுதியில் அப்படியே இருக்கும். அலுவலகக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, இணைப்பை இறக்கிக்கொள்ளுங்கள். பெயர் முடியும் இடத்தில் விசிஎஃப் என்று இருக்கும். அதை இரட்டைச் சொடுக்கு சொடுக்காதீர்கள், அவுட்லுக் ஏதாவது வந்து அழகான ஒரு கார்டாகக் காட்டிவிட்டுப் போய்விடும். வலது பக்கம் சொடுக்கி, நோட்பேடில் திறங்கள்.

விசிட்டிங் கார்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது வெறும் எழுத்துக் கோப்பு. 'பிகின் விகார்டு' என்று ஒரு வரியில் தொடங்கி, 'எண்ட் விகார்டு' என்று முடியும். நடுவில் வரிக்கு ஒரு தகவல். 'எஃப்என்' என்று தொடங்கும் வரியில் பெயர், 'டெல்' வரியில் போன் நம்பர், 'ஏடிஆர்' வரியில் முகவரி, 'பிடே' வரியில் பிறந்த தேதி. 'நோட்' என்று ஒரு வரி இருந்தால், உங்கள் பயம் உண்மை. புகைப்படம் வைத்திருந்தீர்கள் என்றால் பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத எழுத்துகள் ஓடும், அதுதான் படம். தாண்டிப் போய்விடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்து நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். குறிப்பைத் தமிழில் எழுதியிருந்தால், பல ஆண்ட்ராய்டு போன்கள் அதை அப்படியே வைக்காது. 'நோட்' வரியில் '=ஈ0=ஏஈ' என்பது போல ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து சங்கிலியாக ஓடும். "அப்பாடா, ரகசியக் குறியீட்டில்தான் போயிருக்கிறது" என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ் எழுத்தைப் பழைய மெயில் முறைக்குள் அடைப்பதற்காகப் போட்ட மூட்டை அது. எதிர்ப்பக்கத்துப் போன் அதைத் திறந்தவுடன் மூட்டையை அவிழ்த்து, நீங்கள் எழுதியதை நல்ல தமிழில் காட்டிவிடும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கம் உள்ளவராக இருந்தால் நோட்பேடிலேயே பளிச்சென்று படிக்கலாம்.

ஏன் இப்படி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறது என்று கேட்பீர்கள். அந்த வடிவம் பிறந்ததே அதற்காகத்தான். 1990-களின் நடுவில் ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகிய நான்கு கம்பெனிகள் வெர்சிட் என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்து இதை உருவாக்கின. ஆண்ட்ராய்டு போன்கள் பல இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் 2.1 பதிப்பு 1996-இல் வந்தது. ஒரு கருவியில் உள்ள தொடர்பு விவரம் இன்னொரு கருவிக்குப் போகும்போது ஒன்றுகூடச் சிந்தாமல் சிதறாமல் போக வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். போன் மாற்றும்போது அது பெரிய வரம். அதே கோப்பை அடுத்தவருக்கு அனுப்பும்போதுதான் வம்பு. "இது என் பழைய போனிலிருந்து என் புதிய போனுக்கு", "இது முன்பின் தெரியாத கொள்முதல்காரருக்கு" என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது.

1998-இல் வந்த 3.0 பதிப்பில், இந்தக் கார்டு பொதுவானது, தனிப்பட்டது, ரகசியம் என்று குறித்து வைக்க ஒரு வரி வைத்திருந்தார்கள். இன்லேண்ட் லெட்டரின் மேலே 'பிரிக்க வேண்டாம்' என்று எழுதுவது மாதிரிதான். பூட்டு எதுவும் கிடையாது. 2011-இல் 4.0 பதிப்பு வந்தபோது அந்த வரியையே எடுத்துவிட்டார்கள்.

சரி, திரும்ப வாங்கலாமா? முடியாது. ஜிமெயிலில் 'அன்டூ' இருக்கிறது, அதிகபட்சம் 30 வினாடி. அவுட்லுக்கில் 'ரீகால்' இருக்கிறது, அது ஒரே நிறுவனத்துக்குள் அனுப்பிய மெயிலுக்கு மட்டும். நீங்கள் பத்து நாள் தாண்டிவிட்டீர்கள். அந்தப் பக்கத்துக்காரர் கோப்பைத் தொட்டிருந்தால் அது மெயிலோடு நின்றிருக்காது. அவருடைய போன் புத்தகத்தில் ஏறி, அங்கிருந்து அவருடைய கூகுள் கணக்குக்குப் போய், அவர் வைத்திருக்கும் வேறு எந்தெந்தச் செயலிக்கெல்லாம் போன் புத்தகத்தைப் பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறாரோ அங்கேயும் தெரிந்திருக்கும்.

ஆனாலும் ஒரு மெயில் எழுதுங்கள், எழுதத்தான் வேண்டும். அதில் பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. "அதில் அவருடைய குடும்ப விவரமும் வங்கி விவரமும் தவறுதலாக வந்துவிட்டது, தயவுசெய்து படிக்காமல் அழித்துவிடுங்கள்" என்று எழுதுவார்கள். இதுவரை பார்க்காதவரும் போய்த் திறந்து பார்ப்பார். இப்படிச் சுருக்கமாக எழுதினால் போதும்: 'நான் இன்ன தேதியில் அனுப்பிய தொடர்பு அட்டை தவறான கோப்பு. மெயிலிலிருந்தும் போனிலிருந்தும் அதை நீக்கிவிட்டு, நீக்கியதாக ஒரு வரி பதில் அனுப்புங்கள். வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். சரியான எண் கீழே.' எண்ணைக் கையால் டைப் செய்யுங்கள். பழைய மெயிலுக்கே 'ரிப்ளை' போடாமல் புது மெயிலாக அனுப்புங்கள். அவர் அழித்துவிட்டார் என்பதற்கு இது சாட்சி இல்லைதான். ஆனால் நீங்கள் கேட்டீர்கள் என்பதற்குச் சாட்சி, நாளைக்கு அது தேவைப்படலாம்.

பான் நம்பரைப் பற்றி நீங்கள் மிகவும் பயந்திருக்கிறீர்கள். வியாபாரி தன் பெயரில் தொழில் நடத்துபவர் என்றால் அந்தப் பயம் அவ்வளவு தேவையில்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலத்தின் குறி, தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்தும் பான்தான். அவர் போடும் ஒவ்வொரு பில்லிலும் அது அச்சாகிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இங்கே குத்தியது அந்தக் குறிப்பு. சரக்கு வாங்குபவனுக்கு, விற்பவனுக்கு எந்த மாதம் பணம் தேவை என்று தெரிந்துவிட்டால் பேரம் அங்கேயே முடிந்துவிட்டது. நீங்கள் சாதாரணமாக எழுதி வைத்த அரை வரிதான் அந்த முந்நூறு ரூபாய்.

நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மண்டியில் யார் வீட்டில் எப்போது கல்யாணம் என்பது ஊருக்கே தெரிந்திருக்கலாம். கொள்முதல்காரர் வேறு யாரிடமிருந்தாவது கேட்டிருக்கலாம். அதனால்தான் முதலில் கோப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன். 'நோட்' வரி இல்லை என்றால் உங்கள் மேல் பழி இல்லை, மற்ற விவரங்களை மட்டும் சரிசெய்தால் போதும்.

இருந்தால், இன்றைக்கே ஆடிட்டர் சாரிடம் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன், அவரிடம் சொன்னதாக எங்கேயும் இல்லை. உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதில் அவருக்குத்தான் ஆபத்து அதிகம். 1949-ஆம் வருஷத்து சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்தில் இரண்டாவது அட்டவணை, முதல் பகுதி, முதல் உட்பிரிவே இதுதான்: தொழில் நிமித்தமாகத் தெரிந்துகொண்ட கிளையன்ட்டின் தகவலை, அவருடைய சம்மதம் இல்லாமல், சட்டம் கேட்காதபோது வெளியில் சொன்னால் அது தொழில் ஒழுங்கீனம். வேண்டுமென்று செய்ததா, ஊழியர் கை தவறியதா என்பதெல்லாம் அப்புறம் பேசுகிற பேச்சு. வியாபாரி புகார் எழுதிப் போட்ட பிறகு ஆடிட்டருக்குத் தெரிய வந்தால் உங்கள் 14 வருஷமும் ஒரு பக்கம் போய்விடும். இன்றைக்கு நீங்களே சொன்னால் இது ஒரு கைத்தவறு.

வியாபாரியிடம் யார் சொல்வது? ஆடிட்டர் சார் சொல்வதுதான் முறை, நீங்களும் கூட இருங்கள். போனில் வேண்டாம். என்னென்ன போயிற்று என்பதை அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள். எது போயிற்று, எது போகவில்லை என்று தெரிந்தால்தான் அவர் அடுத்த பேச்சுவார்த்தையில் எதைப் பேசலாம், எதை விடலாம் என்று முடிவு செய்ய முடியும். ஓ.டி. லிமிட் விஷயம் அந்தப் பக்கம் தெரிந்துவிட்டது என்பதை அவர் தெரியாமலே இன்னொரு முறை பேரத்துக்குப் போனால், அதுதான் உண்மையான நஷ்டம்.

குற்றமா என்று கேட்டீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 72ஏ பிரிவு இருக்கிறது. ஒப்பந்தப்படி சேவை செய்யும்போது கையில் வந்த தனிப்பட்ட தகவலை வெளியிடுவது பற்றியது. அடுத்தவருக்கு நஷ்டம் உண்டாக்கும் எண்ணம், அல்லது உண்டாகும் என்று தெரிந்தே செய்தது என்பது அதில் முக்கியம். நீங்கள் செய்தது அந்த வகையாகத் தெரியவில்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னொன்று. ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் போன் புத்தகத்தை அந்தச் சட்டம் தொடாது. ஆனால் நீங்கள் அந்த நம்பரைச் சேமித்தது அலுவலக வேலைக்காக, அனுப்பியதும் அலுவலக வேலையாக. போன் உங்களுடையது என்பதால் அது வீட்டு விஷயமாகிவிடாது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. 250 கோடி அபராதம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது உச்சவரம்பு. மூன்று பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒரு மெயில் தவறிப் போனதற்காக யாரும் அந்தத் தொகையைத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை. நான் வக்கீல் இல்லை, விஷயம் புகார் வரை போனால் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

இனிமேல் என்ன செய்வது? நம்பர் கேட்டால் நம்பரை டைப் செய்து அனுப்புங்கள். பத்து இலக்கம். அதற்கு எதற்கு ஒரு கோப்பு? அதைவிட நல்ல வழி, திசையைத் திருப்பிவிடுவது. "உங்கள் நம்பரை அவரிடம் கொடுத்துவிடுகிறேன், அவரே கூப்பிடுவார்" என்று கேட்டவரிடம் சொல்லுங்கள். வியாபாரிக்குப் பேச விருப்பம் இருந்தால் பேசுவார். உங்கள் கையிலிருந்து எதுவும் போகவில்லை.

கோப்பாகத்தான் அனுப்ப வேண்டும் என்றால், முதலில் உங்களுக்கே அனுப்பி நோட்பேடில் பாருங்கள். இந்த ஒரு சோதனையை மட்டும் எந்தப் போனிலும் விடாதீர்கள், ஏனென்றால் போனுக்குப் போன், பதிப்புக்குப் பதிப்பு நடத்தை மாறுகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு தொடர்பை அனுப்பும்போது எந்தெந்த எண் போக வேண்டும் என்று டிக் காட்டும், வேண்டாததை எடுத்துவிடலாம். இப்போதைய ஐபோன்களிலும் பகிரும் முன் எவை போகலாம் என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. மேக் கம்ப்யூட்டரின் கான்டாக்ட்ஸ் அமைப்பில் குறிப்பும் படமும் கார்டோடு போக வேண்டுமா என்று தனித்தனியாகவே கேட்டிருப்பார்கள். அதையெல்லாம் பார்க்கப் பொறுமை இல்லை என்றால், கல்யாணம், கடன், பான் இவற்றையெல்லாம் போன் புத்தகத்தில் எழுதுவதை விட்டுவிடுங்கள். கிளையன்ட்டின் ஃபைல் என்று அலுவலகத்தில் ஒன்று இருக்கிறதே, அது எதற்கு? (அழிப்பதற்கு முன் அந்த விவரங்களை ஃபைலில் ஏற்றிவிட்டு அழியுங்கள். இல்லாவிட்டால் வியாபாரியிடமே மறுபடி பான் நம்பர் கேட்டுப் போன் போட வேண்டியிருக்கும், இந்த நேரத்தில் அது நன்றாக இருக்காது.)

இருபது வருஷமாக அலுவலகங்களுக்கு இதே பாடத்தை நடத்திக்கொண்டிருக்கும் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவருக்கு எலக்ட்ரீஷியன் நம்பரை மெயிலில் அனுப்ப நினைத்து, 'ஷேர்' என்பதற்குப் பதிலாக 'எக்ஸ்போர்ட்' செய்து வைத்திருந்த கோப்பை இணைத்துவிட்டேன். அது என் முழுப் போன் புத்தகம், ஆயிரத்துச் சொச்சம் பேர். விசிஎஃப் கோப்பில் ஒரு கார்டும் இருக்கலாம், ஆயிரம் கார்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கலாம். மெயிலில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி சின்னப் படம்தான். அவர் அதைத் தட்டியவுடன் என் சொந்தபந்தம் மொத்தமும் அவர் போனில் குடியேறிவிட்டது. மறுநாள் காலை வந்து நின்றவர் சொன்னது: "சார், என் பேரைப் போட்டுப் பார்த்தேன். 'பெயிண்டர் இழுவை'ன்னு வருது." நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன். இதில் 'தாராபுரம் அத்தை' என்ற பெயரில் போன் நம்பர் மாதிரி ஒளித்து வைத்திருந்த ஏடிஎம் பின் நம்பரும் போயிருந்தது. அன்றைக்கே பின்னை மாற்றினேன். வெள்ளையடிக்கும் வேலையும் சொன்ன தேதிக்கு முன்னாடியே முடிந்தது, ரோஷம்தான்.

நீங்கள் வைத்திருக்கும் பெயரும் போகும் என்பது இதில் இன்னொரு சங்கதி. 'மஞ்சள் பாக்கி', 'ஹவுஸ் ஓனர் சிடுசிடு' என்றெல்லாம் வைத்திருந்தால் அதுவும் கார்டின் பெயர் வரியில் அப்படியே போகும்.

இனி உங்கள் ஆடிட்டர் சாரின் திட்டம். வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அவுட்லுக், தண்டர்பேர்டு போன்றவற்றில் இந்த வசதி இருப்பது உண்மை, மெயில் கையெழுத்தோடு கார்டு தானாக ஒட்டிக்கொள்ளும். அவுட்லுக்கில் திரையில் தெரியும் கார்டின் படத்தில் நாலு வரி இருக்கும், கூடவே இணையும் கோப்பில் அந்தத் தொடர்பில் நிரப்பியது அத்தனையும் இருக்கலாம். ஒரு ஊழியர் ஒரு நாளைக்கு நாற்பது மெயில் அனுப்பினால் நாற்பது பிரதி. அதில் பாதி வேறு யாருக்கோ ஃபார்வர்டு ஆகும். உங்கள் அலுவலகத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று எழுதவில்லை, ஆனால் சொந்த மொபைல் நம்பர் இப்படிப் பரவினால் இரவு பதினோரு மணிக்கு 'ஹாய் மேடம்' யாருக்கு வரும் என்று உங்களுக்கே தெரியும். பெயர், பதவி, அலுவலக லேண்ட்லைன், அலுவலக மெயில் என்று நாலு வரி எழுத்தாக அடியில் இருந்தால் போதும். சார் பிடிவாதமாக இருந்தால், ஊழியரின் சொந்தத் தொடர்பிலிருந்து கார்டு எடுக்காமல், அலுவலக விவரம் மட்டும் உள்ள புதுக் கார்டாக ஒவ்வொருவருக்கும் தயாரிக்கச் சொல்லுங்கள். க்யூஆர் கோடு அச்சிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், சாதாரண க்யூஆரில் விவரமே அந்தக் கட்டங்களுக்குள் இருக்கிறது, அச்சடித்துக் கொடுத்த பிறகு மாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் அலுவலகத்துக்கு வரும் கார்டுகளையும் கண்ணை மூடிக்கொண்டு சேமிக்காதீர்கள். 2015-இல் வாட்ஸ்அப் வெப்பில், கார்டு போலக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் நிரலை இறக்கும் ஓட்டை ஒன்றை செக் பாயின்ட் நிறுவனத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள், அதை அப்போதே அடைத்துவிட்டார்கள். இன்றைக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் நான் பயப்படுவது அதைவிடச் சாதாரணமான வித்தை: 'வங்கி மேனேஜர் புது நம்பர்' என்று ஒரு கார்டு வரும், நீங்கள் சேமிப்பீர்கள். அடுத்த வாரம் அந்த நம்பரிலிருந்து அழைப்பு வரும்போது திரையில் 'வங்கி மேனேஜர்' என்று உங்கள் போனே சாட்சி சொல்லும். ஏற்கெனவே உங்களிடம் உள்ள பழைய நம்பரில் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டுவிட்டுச் சேமியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

இன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் கோப்பைத் திறந்து பாருங்கள், அப்புறம் ஆடிட்டர் சாரின் அறைக்குப் போங்கள். வியாபாரி என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.